பழைய வால்வு கிட்டார் ஆம்ப்: வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

ஓஹாயோவில் வேலை பார்த்த காலத்தில், ஒரு பெரியவர் வீட்டு நிலவறையிலிருந்து 1973-ஆம் வருடத்து ஃபெண்டர் கம்பெனியின் டீலக்ஸ் ரிவெர்ப் என்ற ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஒன்றை வாங்கினேன். மேலே பெயின்ட் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார். இப்போது அது சென்னையில் என் வீட்டில் ஓடுகிறது. அதைச் சரிசெய்யக் கற்றுக்கொண்ட பிறகு நண்பர்களின் ஆம்ப்கள் சிலவும் என் மேஜைக்கு வந்துபோயின. வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். ஃபெண்டரையே அதிகம் பேசுவேன். எனக்குக் கைபழகியது அதுதான்.

டிரான்சிஸ்டர் ஆம்ப் மலிவாகக் கிடைக்கும்போது இந்தக் கண்ணாடிக் குப்பிகளோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

கட்டாயம் ஒன்றுமில்லை. வால்வு என்பது பழைய ரேடியோக்களில் இருந்த அதே கண்ணாடிக் குப்பிதான். வால்வு ஆம்ப்பில் வால்யூமை ஏற்ற ஏற்ற ஒலி ஒரேயடியாக வெட்டுப்படாமல் மெல்லக் கரகரக்கத் தொடங்கும். மெதுவாக மீட்டினால் தெளிவு, அழுத்தி மீட்டினால் உறுமல். அதை விரலாலேயே ஆளலாம். அந்தச் சுகம் பிடித்தவர்கள்தான் இதற்குள் வருகிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. 1960, 70-களின் ஃபெண்டர் ஆம்ப்பைத் திறந்தால் உள்ளே ஒரு கறுப்பு அட்டை, அதில் வரிசையாகக் கன்டென்சர்களும் ரெசிஸ்டர்களும், கையால் ஈயம் வைத்த வயர்கள். எது எங்கே போகிறது என்று கண்ணாலேயே பின்தொடரலாம். வால்வு அட்டவணையைப் பல மாடல்களில் பெட்டிக்கு உள்பக்கமே ஒட்டி அனுப்பினார்கள். ஐம்பது வருடம் கழித்தும் வீட்டு மேஜையில் வைத்துச் சரிசெய்ய முடிகிற சாமான் இன்று எத்தனை இருக்கிறது?

பிளாக்ஃபேஸ், சில்வர்ஃபேஸ் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

முகப்புத் தகட்டின் நிறம். 1963 வாக்கில் தொடங்கி 1967 வரை கறுப்பு. 1968 முதல் 80-களின் தொடக்கம் வரை வெள்ளி நிறத்தில் நீல எழுத்து. இடையில் நடந்தது என்னவென்றால், லியோ ஃபெண்டர் 1965 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் இருந்த தன் கம்பெனியை சிபிஎஸ் என்ற ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். "சிபிஎஸ் வந்தது, தரம் போச்சு" என்பது கிட்டார் உலகத்தின் நிரந்தரப் புலம்பல். பெரிய மாடல்களில் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 70-களின் கடைசியில் டுவின் ரிவெர்ப்பை 135 வாட்டுக்கு ஏற்றி, அதன் குணத்தையே மாற்றினார்கள். சின்ன மாடல்களில் பெரிதாகக் கைவைக்கவில்லை. என் 1973 டீலக்ஸின் வயரிங் கறுப்பு முகப்புக் காலத்து வயரிங்குக்கு மிக நெருக்கம். ஆனால் சந்தையில் கறுப்புக்குத்தான் மரியாதை, வெள்ளி நன்றாகவே மலிவு. கையில் இருப்பது அளவான பணம் என்றால் வெள்ளியை வாங்குங்கள். காதுக்குத் தகட்டின் நிறம் தெரியாது.

முதன்முதலாக வாங்க எது தோது?

சாம்ப். ஒரே ஒரு 6வி6 பவர் வால்வு, 8 அங்குல ஸ்பீக்கர், ஐந்தாறு வாட். உள்ளே உறுப்புகள் குறைவு, கற்றுக்கொள்ள இதைவிட நல்லது கிடையாது. பயஸ் (என்னவென்று பின்னால் சொல்கிறேன்) சரிசெய்யும் தலைவலியும் இல்லை.

அதற்கு மேலே பிரின்ஸ்டன் ரிவெர்ப்: இரண்டு 6வி6, 10 அங்குல ஸ்பீக்கர், 12 வாட். அப்புறம் டீலக்ஸ் ரிவெர்ப்: 22 வாட், 12 அங்குலம், மொத்தம் ஒன்பது வால்வு. மேடை, வீடு இரண்டுக்கும் இதுதான் நடுவாந்தரம். டுவின் ரிவெர்ப் 85 வாட், எடை கிட்டத்தட்ட 29 கிலோ. மலிவாகக் கிடைக்கிறதே என்று தூக்கிவந்தவர்கள், இரண்டாவது மாடிக்கு ஒருமுறை ஏற்றிய பிறகு விற்றுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். குடும்பம் இருக்கும் வீட்டில் அதன் வால்யூம் 2-ஐத் தாண்டாது. வால்வு ஆம்ப் வாங்கிய பயனே போய்விடும்.

எந்த வருடத்து ஆம்ப் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விற்கிறவர் சொல்வதை விட்டுவிடுங்கள், உறுப்புகளைக் கேளுங்கள். அமெரிக்க உறுப்புகளில் ஓர் எண் வரிசை அச்சிட்டிருக்கும். முதல் மூன்று எண் யார் செய்தது என்பதைச் சொல்லும்: டிரான்ஸ்ஃபார்மரில் 606 என்றால் ஷூமாக்கர், ஸ்பீக்கரில் 220 ஜென்சன், 465 ஆக்ஸ்ஃபோர்ட், வால்யூம் கன்ட்ரோலில் 137 சிடிஎஸ், 304 ஸ்டாக்போல். அதற்குப் பின் வருவது வருடமும் வாரமும். வால்யூம் கன்ட்ரோலில் 1377312 என்றிருந்தால் சிடிஎஸ் கம்பெனி 1973-இன் பன்னிரண்டாவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம்.

டிரான்ஸ்ஃபார்மரில் பெரும்பாலும் வருடத்தின் கடைசி எண் மட்டுமே இருக்கும். 606-318 என்றால் 1963-ஆ 1973-ஆ? மற்ற உறுப்புகளோடு சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 50, 60-களின் ஆம்ப்களில் உள்ளே ஒட்டிய வால்வு அட்டவணைத் தாளில் இரண்டு எழுத்து ரப்பர் முத்திரை இருக்கும். முதல் எழுத்து வருடம், 1951-ஐ ஏ என்று வைத்து எண்ண வேண்டும்; இரண்டாவது எழுத்து மாதம். பி-சி என்று ஆங்கிலத்தின் பதினாறாம் எழுத்தும் மூன்றாம் எழுத்தும் இருந்தால் 1966 மார்ச்.

உறுப்புகள் எல்லாம் ஒரே ஆறேழு மாதத்துக்குள் வந்தால் ஆம்ப் பிறந்தபடியே இருக்கிறது. ஒன்று மட்டும் எட்டு வருடம் தள்ளி நின்றால் அது பின்னால் மாற்றியது. மாற்றியது குற்றமில்லை, அதற்கேற்ப விலை குறைய வேண்டும், அவ்வளவுதான்.

பார்க்கப் போகும்போது எதைச் சோதிப்பது?

சொந்தக் கிட்டார், ஒரு டார்ச், ஒரு பென்சில் கொண்டு போங்கள். பின்பக்கம் திறந்துதான் இருக்கும். முதலில் முகர்ந்து பாருங்கள். கருகிய வார்னிஷ் நாற்றம் வந்தால் டிரான்ஸ்ஃபார்மர் ஒருமுறை வெந்திருக்கிறது. பவர் டிரான்ஸ்ஃபார்மர், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டும்தான் பழைய ஆம்ப்பின் உண்மையான சொத்து. மற்றவை மாற்றக்கூடியவை.

ஸ்பீக்கர் கோனை டார்ச் அடித்துப் பாருங்கள். கிழிசல், ஒட்டுப்போட்ட இடம், எலி கடித்தது தெரியும். விரலால் கோனை நேராக, மெதுவாக அழுத்துங்கள். உரசல் சத்தம் வரக்கூடாது.

ஆம்ப் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால் வால்வுகளைப் பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் "டிங்" என்று மணி அடித்தால் அந்த வால்வு போகப்போகிறது, விலையில் கழியுங்கள். பெட்டியை லேசாக ஆட்டினால், எதிரொலி தரும் ரிவெர்ப் ஸ்பிரிங் இடி மாதிரி சத்தம் போடும். சத்தமே இல்லையென்றால் ரிவெர்ப்பில் கோளாறு. பெரும்பாலும் வயர்தான்.

வருடக்கணக்கில் ஓடாத ஆம்ப்பை "இதோ போட்டுக் காட்டுகிறேன்" என்று விற்கிறவர் பிளக்கைச் சொருக வந்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். ஏன் என்று கீழே வருகிறது.

"எல்லாம் ஒரிஜினல், ஒன்றுமே மாற்றவில்லை" என்கிறார். நல்லதுதானே?

சேகரித்து வைப்பவருக்கு நல்லது. வாசிக்கிறவருக்கு, இனிமேல்தான் செலவு காத்திருக்கிறது என்று பொருள். 1973-இல் போட்ட எலக்ட்ரோலைடிக் கன்டென்சர் இன்னும் உள்ளே இருக்கிறது என்பதைத்தான் பெருமையாகச் சொல்கிறார். ஐம்பது வருடத்து டயரோடு கார் விற்கிற கதை. கன்டென்சர் மாற்றச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். கைதேர்ந்த ஒருவர் மாற்றி, பழையதை ஒரு கவரில் போட்டுப் பெட்டிக்குள் வைத்திருந்தால் அந்த ஆம்ப்புக்கு நான் கொஞ்சம் கூடவே கொடுப்பேன்.

ஏமாற்று எங்கே நடக்கும் என்றால், சில்வர்ஃபேஸின் முகப்பைக் கழற்றிக் கறுப்பைப் போட்டு விற்பதில். முகப்பை நம்பாமல் மேலே சொன்ன எண்களைப் பாருங்கள்.

வாங்கிவந்தாயிற்று. சுவிட்ச் போடலாமா?

வேண்டாம். வீட்டு எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் லாம்ப் ஒன்றை முதலில் செய்துகொள்ளுங்கள். ஒரு ஹோல்டர், ஒரு பிளக் பாயின்ட், இரண்டும் சீரிஸில். ஆம்ப்புக்குப் போகும் மின்சாரம் பல்பு வழியாகத்தான் போகும். பழைய குண்டு பல்புதான் வேண்டும், 60 அல்லது 100 வாட். எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஸ்டெப்-டவுன் பெட்டி வைத்து ஓட்டுகிறவர்கள் பல்பை 230 வோல்ட் பக்கம், பெட்டிக்கு முன்னால் வையுங்கள்.

எல்லா வால்வையும் கழற்றிவிட்டுப் போடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தால் பவர் டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்தது. பளிச்சென்று நின்று எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். அப்படியில்லையென்றால் வால்வுகளை மாட்டி மறுபடி போடலாம். பிரகாசமாகத் தொடங்கி மங்கிப்போக வேண்டும். நேராகச் சுவரில் சொருகியிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் உயிரை விட்டிருக்கும் இடத்தில், பல்பு மட்டும் எரிந்து உங்களை எச்சரிக்கும். ஐம்பது ரூபாய்ச் சாமான், ஐயாயிரம் ரூபாய் வேலை.

திறந்தால் ஷாக் அடிக்குமா?

அடிக்கும். சாதாரணமாக அடிக்காது, ஆளையே கொல்லும். டீலக்ஸ் ரிவெர்ப்பின் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கன்டென்சர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும்.

நான் செய்வது இது. ஸ்டாண்ட்பை சுவிட்ச்சை (வால்வுகளைச் சூடாக வைத்துக்கொண்டே ஒலியை நிறுத்தும் சுவிட்ச்) வாசிக்கும் நிலையிலேயே விட்டுவிட்டுப் பிளக்கைப் பிடுங்குவேன். சூடான வால்வுகள் மீதி மின்சாரத்தை இழுத்துவிடும். பிறகு செருப்புக் காலோடு, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மல்டிமீட்டரை 1000 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்புக் கம்பியை சேஸிஸில் (உறுப்புகளைத் தாங்கும் உலோகச் சட்டம்) மாட்டி, சிவப்புக் கம்பியால் ஸ்டாண்ட்பை சுவிட்ச்சின் இரண்டு முனையையும் தொட்டுப் பார்ப்பேன். இரண்டையும் பார்க்க வேண்டும், ஒன்று காலியாக இருந்து மற்றது நிறைந்திருக்கலாம். மிச்சம் இருந்தால் 10 கிலோ-ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் செய்த கம்பிகளோடு இணைத்து, சேஸிஸுக்கு வடிய விட்டு, திரும்பவும் அளப்பேன். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடித்துக் "பட்" என்று சத்தம் காட்டுகிற வீரம் வேண்டாம்.

இதைப் படிக்கும்போதே வயிற்றைக் கலக்கினால் அந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பழைய பிளக்கில் இரண்டு பின் மட்டும்தான் இருக்கிறது. அப்படியே விடலாமா?

விடவே கூடாது. 60-களின் ஆம்ப்களில் எர்த் வயர் கிடையாது. அதற்குப் பதில், மின்சார வயரின் ஒரு பக்கத்திலிருந்து சேஸிஸுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கன்டென்சர் ஒன்றைப் போட்டு, கிரவுண்ட் சுவிட்ச் என்று ஒன்றை வைத்தார்கள். அந்தக் கன்டென்சர் ஷார்ட் ஆனால் சேஸிஸில் லைன் ஏறும். சேஸிஸ் கிட்டார் கேபிளுக்குப் போகிறது, கேபிள் கம்பிக்குப் போகிறது, கம்பியில் உங்கள் விரல். உதடு மைக்கைத் தொட்டால் சுற்று முழுமை. அமெரிக்காவில் அதற்கு மரணக் கன்டென்சர் என்றே பெயர்.

வெட்டி எறியுங்கள். மூன்று பின் வயர் போடுங்கள்: பச்சையைத் தனி போல்ட்டில் சேஸிஸோடு இறுக்குங்கள், லைனை முதலில் ஃப்யூஸுக்கும் பிறகு சுவிட்ச்சுக்கும் கொண்டு போங்கள். 70-களின் ஆம்ப்களில் மூன்று பின் வந்துவிட்டது, ஆனால் அந்தக் கன்டென்சர் உள்ளேயே இருக்கும். அதையும் பாருங்கள்.

எதை மாற்றுவது, எதைத் தொடக்கூடாது?

என் கணக்கு ஒன்றே ஒன்று. வற்றுவதை மாற்று, வற்றாததை விடு.

வற்றுவது எலக்ட்ரோலைடிக் கன்டென்சர். உள்ளே ஈரப் பசை இருக்கிறது. இருபது முப்பது வருடத்தில் காய்ந்துவிடும். டீலக்ஸில் ஐந்து பெரிய கன்டென்சர்கள், சேஸிஸின் வெளிப்பக்கம் ஒரு தகரமூடிக்குள் படுத்திருக்கும். நான் அந்த மூடியைத் திறந்தபோது நான்கு பார்க்க நன்றாகவே இருந்தன. ஐந்தாவதின் முனையில், ரப்பர் அடைப்பு தோசைக்கல்லில் எழும் கொப்புளம் மாதிரி உப்பி, பக்கத்தில் பழுப்பு நிறப் பிசின் ஒழுகிக் கெட்டியாகியிருந்தது. ஆம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது, பேஸ் மட்டும் தொளதொளவென்று இருக்கும். ஐந்தையும் மாற்றினேன். ஒன்றை மட்டும் மாற்றுவது சிக்கனம் அல்ல. மற்ற நான்குக்கும் அதே வயதுதான்.

உள்ளே வால்வுகளின் கேதோடில் (எலக்ட்ரான் புறப்படும் முனை) 25 மைக்ரோஃபாரட் சிறியவை சில இருக்கும், அவையும் மாற்ற வேண்டியவை. பயஸ் கன்டென்சரும் அப்படியே. இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். பயஸ் மின்னழுத்தம் நெகட்டிவ். ஆகவே அந்தக் கன்டென்சரின் பாசிட்டிவ் முனைதான் எர்த்துக்குப் போக வேண்டும். மற்ற எல்லாம் நெகட்டிவை எர்த்தில் வைத்து ஈயம் வைத்த கை, ராத்திரி பதினோரு மணிக்கு இதையும் அப்படியே வைத்துவிட்டது. வால்வுகளை மாட்டிப் போட்டேன். சீரிஸ் பல்பு மங்கவே இல்லை. அரை நிமிடம் பார்த்தேன், அணைத்தேன், தூங்கப் போனேன். காலையில் வெளிச்சத்தில் பார்த்தால் கன்டென்சர் தலைகீழ். பல்பு இல்லாமல் நேராகப் போட்டிருந்தால் பயஸ் போய், இரண்டு 6வி6-ம் பழுத்துச் சிவந்திருக்கும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் கூடவே போயிருக்கலாம்.

வற்றாதவை: வால்வுக்கு வால்வு சமிக்ஞையைக் கடத்தும் நீல நிற, பழுப்பு நிறக் கன்டென்சர்கள். இவற்றில் ஈரம் இல்லை. டிசி ஒழுகுகிறதா என்று அளந்து பார்த்து, ஒழுகினால் ஒழியத் தொடாதீர்கள். வீடியோ பார்த்துவிட்டு எல்லாவற்றையும் பிடுங்கி ஆரஞ்சு நிறத்தில் புதிதாகப் போடுகிறவர்கள், ஆம்ப்பின் விலையையும் சில சமயம் அதன் குரலையும் சேர்த்துப் பிடுங்குகிறார்கள்.

ரெசிஸ்டர்கள் இரண்டுங்கெட்டான். பழைய கார்பன் ரெசிஸ்டர்களின் ஓம் அளவு வருடம் போகப்போக ஏறும். வால்வின் பிளேட்டில் (எலக்ட்ரான் வந்து சேரும் தகடு) இருக்கும் 100 கிலோ-ஓம் ரெசிஸ்டர்களில் ஒன்று கெட்டால், மழை பெய்கிற மாதிரி, சோளம் பொரிகிற மாதிரி சத்தம் வரும். அந்த ஒன்றை மாற்றுங்கள்.

பயஸ் என்றால் என்ன? நானே வைக்கலாமா?

பவர் வால்வு சும்மா இருக்கும்போது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதைத் தீர்மானிப்பது. அதிகம் இழுத்தால் வால்வு சீக்கிரம் வெந்துவிடும். குறைவாக இழுத்தால் ஒலி வறண்டு, உயிரில்லாமல் இருக்கும். வண்டியின் ஐடிலிங் மாதிரி.

6வி6-இன் கேதோடுக்கும் எர்த்துக்கும் நடுவில் 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால், அதன் குறுக்கே வரும் மில்லிவோல்ட்டே மில்லிஆம்பியர். 6வி6-க்கு 12 வாட் உச்சம். அதில் எழுபது சதவீதம் 8.4 வாட். பிளேட்டில் 415 வோல்ட் என்றால் 8.4-ஐ 415-ஆல் வகுக்க, 20 மில்லிஆம்பியர். அதை ஒட்டி வைத்துக் காதால் கேட்டு முடிவு செய்யலாம். சில சில்வர்ஃபேஸ் மாடல்களில் உள்ளே இருக்கும் திருகு பயஸை ஏற்றி இறக்காது, இரண்டு வால்வையும் சமப்படுத்த மட்டும்தான் செய்யும். திருகிப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இன்னொன்று: 6வி6-இன் பழைய கையேட்டு வரம்பைவிட அதிக வோல்ட்டில்தான் ஃபெண்டர் அதை ஓட்டினார். அந்தக் காலத்து வால்வு தாங்கியது. இன்றைய எல்லா 6வி6-ம் தாங்காது. வாங்கும்போது டீலக்ஸ் ரிவெர்ப்புக்கு என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

வால்வு ஆரஞ்சாக எரிகிறது. பயப்பட வேண்டுமா?

நடுவில் இழை ஆரஞ்சாக எரிந்தால் நல்லது. கண்ணாடியின் உள்சுவரில் நீலமாக ஒளிர்ந்தாலும் கவலையில்லை. இழையைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிறத் தகடு செங்கல் மாதிரி சிவந்தால் உடனே அணையுங்கள், அந்தப் பாட்டை முடித்துவிட்டு அல்ல.

வால்வு இன்னும் செய்கிறார்களா? இந்தியாவில் கிடைக்குமா?

செய்கிறார்கள். ரஷ்யாவின் சராட்டோவ், ஸ்லோவாக்கியாவின் சாட்சா, அப்புறம் சீனா. பெயர்களில்தான் குழப்பம்: அமெரிக்காவின் 12ஏஎக்ஸ்7-ம் ஐரோப்பாவின் ஈசிசி83-ம் ஒன்றே. 12ஏடி7 என்றால் ஈசிசி81. 5ஏஆர்4 என்றால் ஜிஇசட்34. 6பிக்யூ5 என்றால் ஈஎல்84.

நம் நாட்டிலேயே பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் வானொலி வால்வுகள் செய்துவந்தது. பழைய ரேடியோ மெக்கானிக்குகளிடம் இன்னும் அட்டைப்பெட்டியோடு அகப்படும். ஈசிசி83, ஈஎல்84 கண்ணில் பட்டால் பேரம் பேசாமல் வாங்குங்கள். ஈபிஎஃப்89 போன்றவை ரேடியோவுக்கு மட்டும்தான்; கிட்டார் ஆம்ப்பில் அதற்கு வேலை இல்லை.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தால் நம் ஊர் மின்சாரத்தில் ஓடுமா?

நேராகச் சொருகினால் ஒருமுறை ஓடும், புகையோடு. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்.

ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். டீலக்ஸுக்கு 2 ஆம்பியர் ஃப்யூஸ், ஆகவே 500 விஏ பெட்டி நிம்மதியாகத் தாங்கும். இஸ்திரிப் பெட்டிக்கு என்று விற்கும், கையடக்கமான எலக்ட்ரானிக் கன்வர்ட்டர் கூடவே கூடாது. வாங்கும் பெட்டியில் எர்த் உள்ளேயிருந்து வெளியே தொடர்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவதற்கு வயரே இருக்காது. அப்படி ஒன்றை நான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

110 வோல்ட் பெட்டி என்றால் வருந்த வேண்டாம். அந்த ஆம்ப்கள் 117 வோல்ட்டை எதிர்பார்த்துச் செய்தவை. இன்று அமெரிக்கச் சுவரில் 120-க்கு மேலேயே வருகிறது. நம் 110-115-இல் வால்வுகள் கொஞ்சம் இளைப்பாறுகின்றன. 50 ஹெர்ட்ஸ் மட்டும் மாறாது: 60-க்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு 50-இல் கூடுதலாகச் சுமக்கும், கூடுதலாகச் சூடாகும். ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, மேலே கை வையுங்கள். ஐந்து வினாடி வைக்க முடிந்தால் சரி.

பழைய மார்ஷல், வாக்ஸ் போன்ற பிரிட்டிஷ் ஆம்ப் கிடைத்தால் இந்தத் தொல்லையே கிடையாது. பின்பக்கம் வோல்ட்டேஜ் செலக்டர் இருக்கும். ஃபெண்டரும் ஏற்றுமதிக்கென்று அப்படிச் சில செய்தது.

விமானத்திலோ கப்பலிலோ அனுப்பும்போது வால்வுகளைக் கழற்றித் தனியாகச் சுற்றி வையுங்கள்.

கடற்கரை ஊர் ஈரக்காற்று இதற்கு ஆகுமா?

இதைப் பற்றி யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. உறுப்புகள் உட்கார்ந்திருக்கும் அந்தக் கறுப்பு அட்டை மெழுகு பூசிய ஃபைபர். பல வருடம் ஈரம் குடித்தால் அட்டையே மின்சாரம் கடத்தத் தொடங்கும். அறிகுறி விசித்திரமாக இருக்கும்: நவம்பர் மழையில் கரகரக்கும், ஏப்ரல் வெயிலில் தானாகச் சரியாகும். எல்லா வால்வையும் மாற்றினாலும் போகாது.

ஆம்ப் ஓடும்போது மீட்டரின் சிவப்பு முனையை உறுப்புகள் இல்லாத வெற்று அட்டையில் வைத்துப் பாருங்கள். 400 வோல்ட்டுக்குப் பக்கத்தில் கை போகிறது என்பது நினைவிருக்கட்டும். ஒன்றிரண்டு வோல்ட் வந்தால் போகட்டும். இருபது முப்பது வந்தால் அட்டை நனைந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, கன்டென்சரை வடித்து, ஹேர் டிரையரால் அரை மணி நேரம் பொறுமையாகக் காய்ச்சினேன், என்னுடையது அடங்கியது. இப்போது வாரத்துக்கு இரண்டு முறையாவது ஓட்டுகிறேன். அந்தச் சூடே அதற்கு மருந்து. மழைக்காலத்தில் ஜன்னலோரம் வைப்பதில்லை.

வால்யூம் திருகினால் கரகரக்கிறது.

காண்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு, இருபது முறை திருகல். கீல்களுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். அந்தப் பிசுபிசுப்பில் தூசி சேரும்.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்ப்பை மட்டும் ஓட்டிப் பார்க்கலாமா?

கூடாது. டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு அது பெரிய விஷயமில்லை. வால்வு ஆம்ப்பில் போக இடமில்லாத சக்தி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே வோல்ட்டாக ஏறி, அதன் சுற்றுகளைத் துளைத்துவிடும். மாற்று ஸ்பீக்கர் போட்டாலும் ஓம் பொருந்த வேண்டும்: டீலக்ஸுக்கும் பிரின்ஸ்டனுக்கும் 8 ஓம், டுவினுக்கு 4.

சரிசெய்யக் கொடுத்தால் எப்படிப்பட்டவரிடம் கொடுப்பது?

கிட்டார் கடையைவிட, வால்வு ரேடியோ பார்த்த பெரியவர்களிடம் எனக்கு நம்பிக்கை அதிகம். 400 வோல்ட்டுக்கு அவர்கள் புதியவர்கள் அல்ல. ஃபெண்டரைப் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் வரைபடத்தை அச்சடித்துக் கையில் கொடுத்தால் பத்து நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள். "ஐயா, கெட்டதை மட்டும் மாத்துங்க, மாத்தினதை எங்கிட்ட குடுத்துடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் அறிந்த ஒருவர் என் ஆம்ப்பைத் திறந்து, வால்வுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ரேடியோ எங்கே தம்பி, ஸ்டேஷன் முள்ளே இல்லையே?" என்று கேட்டார். பிறகு கிட்டாரைச் சொருகி வாசித்துக் காட்டினேன். ரிவெர்ப்பைக் கேட்டுவிட்டு, அந்த ஸ்பிரிங் பெட்டியைத் தனியாகக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கூலி வாங்கவில்லை.